நான்சி ட்ரூவை நாற்பது வயதுக்கு மேல் திரும்பப் படிப்பது சரியா? எந்தப் பதிப்பை அசல் என்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: பள்ளி நாட்களில் லெண்டிங் லைப்ரரியில் வாடகைக்கு எடுத்துப் படித்த நான்சி ட்ரூ கதைகளை (துப்பறியும் ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பற்றிய சிறுவர் தொடர்) இப்போது ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறீர்கள். முதல் நூலின் 1930 வடிவம் மறு அச்சாகக் கையில் கிடைத்தது. திறந்து பார்த்தால் நீங்கள் படித்த கதை அது இல்லை. அதோடு கறுப்பினத்தவர் ஒருவரை அதில் எழுதியிருக்கும் விதம் உங்களை உலுக்கிவிட்டது. எது அசல், மகளுக்கு எதைக் கொடுப்பது, இந்த வயதில் இதையெல்லாம் ரசிப்பது சரிதானா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. சின்ன வயதில் உயிராக இருந்த ஒன்றை, அது உருவான கதையும் அதிலுள்ள குறைகளும் தெரிந்த பிறகும், பிடித்திருக்கிறது என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எது பிடித்தது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

நான் நூலகத் துறையில் வேலை பார்த்தவள். சிறுவர் பிரிவில் பல வருடம் இருந்தேன். பழைய தொடர் நூல்களைப் பதிப்பு பதிப்பாக ஒப்பிட்டுப் படிப்பது அங்கே தொற்றிக்கொண்ட பழக்கம். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன். ஒரு புத்தகம் குழந்தையின் மனதில் என்ன செய்யும் என்பதில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. அந்தப் பகுதியில் நான் சொல்வதை அனுபவக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயங்கள். அட்டையில் ஆசிரியர் பெயராக இருக்கும் கேரலின் கீன் என்று ஒருவர் இருந்ததே இல்லை. எட்வர்ட் ஸ்ட்ரேட்மேயர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர் தொடர்களைத் தயாரிப்பதற்கென்றே ஒரு நிறுவனம் நடத்தினார். பாப்ஸி ட்வின்ஸ், ஹார்டி பாய்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். கதைச் சுருக்கத்தைச் சில பக்கங்களில் அவர் எழுதிக் கொடுப்பார். வெளியிலிருக்கும் ஒரு எழுத்தாளர் அதை முழு நூலாக்கித் தருவார். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுவார். நான்சி ட்ரூ வரிசையின் முதல் மூன்று நூல்கள் 1930 ஏப்ரலில் கிராசெட் அண்ட் டன்லப் வெளியீடாக ஒன்றாக வந்தன. அவற்றை எழுதியவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் வர்ட். பிற்பாடு மில்ட்ரெட் வர்ட் பென்சன் என்று அறியப்பட்டவர். நூல் ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்தது 125 டாலர். விற்பனை எத்தனை லட்சம் போனாலும் அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. நூல்கள் வந்து இரண்டு வாரத்துக்குள் ஸ்ட்ரேட்மேயர் இறந்துபோனார். நிறுவனம் அவருடைய மகள்கள் ஹாரியட், எட்னா கைக்கு வந்தது. முதல் 30 நூல்களில் 23-ஐ மில்ட்ரெட் எழுதினார். பொருளாதார மந்தத்தில் கூலியைக் குறைத்தபோது அவர் மறுத்துவிட்டதால் 8, 9, 10-ம் நூல்களை வால்டர் காரிக் என்பவர் எழுதினார்.

இனி உங்களைக் குழப்பிய விஷயத்துக்கு வருகிறேன். 1959 முதல் ஹாரியட் ஆடம்ஸின் மேற்பார்வையில் முதல் 34 நூல்களும் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதப்பட்டன. அந்த வேலை எழுபதுகள் வரை நீண்டது. 25 அத்தியாயம் 20 ஆகச் சுருங்கியது. நான்சியின் வயது 16-லிருந்து 18 ஆனது. சில நூல்களில் வாக்கியங்களைச் சீர்செய்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலவற்றில் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு கதையையே தூக்கி எறிந்துவிட்டார்கள். 'மாஸ் கவர்டு மேன்ஷன்' 1941-ல் ஒரு கதை. 1971-ல் அதே பெயரில் விண்வெளி ஏவுதளத்தைச் சுற்றி நடக்கும் முற்றிலும் வேறொரு கதை. ஆகவே உங்கள் ஞாபகத்தில் பிசகு எதுவும் இல்லை. நீங்கள் அன்று படித்தது திருத்திய நூல். இன்று வாங்கியது திருத்தாதது.

இங்கே லெண்டிங் லைப்ரரிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இங்கிலாந்தின் ஆர்மடா பேப்பர்பேக்குகள். அவற்றின் வரிசை எண் அமெரிக்க எண்ணோடு ஒத்துப்போகாது. அதனால் பழைய புத்தகக் கடையில் தேடும்போது எண்ணை நம்பாதீர்கள், தலைப்பைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பு என்றால் அத்தியாயங்களை எண்ணிப் பார்ப்பதே எளிய வழி: ஆரம்பகால நூல் ஒன்றில் 25 இருந்தால் பழைய வடிவம், 20 இருந்தால் திருத்தியது. மஞ்சள் முதுகு இருக்கிறதே என்று மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அறுபதுகளில் அந்த மஞ்சள் அட்டைக்குள்ளேயே இன்னும் திருத்தப்படாத சில நூல்கள் அச்சாகியிருக்கின்றன.

திருத்தியதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வார்கள். இனவெறுப்புச் சித்தரிப்புகள் குறித்துப் புகார்கள் வந்தன, பதிப்பகமும் மாற்றச் சொன்னது. அடுத்து, நூலைச் சுருக்கினால் அச்சுச் செலவு குறையும். தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேகமும் கூடும். இரண்டுமே உண்மை. எது எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முழுக்க நல்லெண்ணம், முழுக்க வியாபாரம் என்கிற இரண்டு கதைகளுமே ஆதாரத்துக்கு மேலே போகின்றன.

உங்களை உலுக்கிய இடத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் நூலான 'ஓல்ட் கிளாக்' கதையில் ஜோசையா கிரவுலி என்ற முதியவரின் கடைசி உயில் காணாமல் போயிருக்கிறது. அது எங்கே என்கிற குறிப்பு ஒரு பழைய கடிகாரத்துக்குள் இருக்கிறது. கடிகாரமோ டாப்ஹாம் என்ற பணக்காரக் குடும்பத்தின் ஏரிக்கரை பங்களாவில். நான்சி தனியாக அங்கே போகிறாள். திருடர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். அவளைப் பிடித்து ஓர் அலமாரி அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிறகு கதவைத் திறந்துவிடுபவர் வீட்டுக் காவல்காரர் ஜெஃப் டக்கர். 1930 வடிவத்தில் அவர் கறுப்பினத்தவர். திருடர்கள் அவருக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். அவர் பேச்சு முழுவதும் கேலிக்காகவே எழுத்தைச் சிதைத்து அச்சிட்ட கொச்சை. பதினாறு வயதுப் பெண் அந்தப் பெரியவரை நிற்க வைத்துக் கண்டிக்கிறாள், கதையும் அவளோடு சேர்ந்து சிரிக்கிறது. 1959 வடிவத்தில் திருடர்கள் ஜெஃபை ஏமாற்றி அடைத்துவிடுகிறார்கள். குடி இல்லை, கொச்சை இல்லை, அவர் கறுப்பினத்தவர் என்ற குறிப்பும் இல்லை.

இந்தக் கடைசிக் குறிப்பில் கொஞ்சம் நில்லுங்கள். சித்தரிப்பு கேவலமாக இருந்தது, உண்மை. அதைச் சரிசெய்ய அந்த மனிதரைக் கௌரவமாக எழுதியிருக்கலாம். அவர்கள் செய்தது வேறு: கறுப்பினத்தவராக அவர் இருந்த அடையாளத்தையே துடைத்துவிட்டார்கள். திருத்திய நூல்களை வரிசையாகப் படித்தால் நான்சி வசிக்கும் ரிவர் ஹைட்ஸ் நகரத்தில் கிட்டத்தட்ட வெள்ளையர்கள் மட்டுமே வசிக்கிறார்கள் என்று தோன்றும். பழைய நூலின் தவறு கண்ணில் அறைகிறது, புதியதன் தவறு கண்ணுக்கே படுவதில்லை. 'திருத்திய பதிப்பில் இனப் பிரச்சினை தீர்ந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம்மில் பலர் அந்த வெளுத்த நகரத்தைத்தான் அமெரிக்கா என்று நம்பி வளர்ந்தோம்.

துடைத்ததில் வேறு சிலவும் சேர்ந்து போயின. பெரியவர்களாகத் திரும்பப் படிப்பவர்களுக்கு அதிகம் வலிக்கும் இழப்பு நான்சியின் குணம்தான். 1930-களின் நான்சி சட்டென்று கோபப்படுவாள், வெடுக்கென்று பதில் சொல்வாள், பெரியவர்களிடம் நேருக்கு நேர் வாதாடுவாள். 'ஹிடன் ஸ்டேர்கேஸ்' பழைய வடிவத்தில் அந்தப் பயங்கர வீட்டில் தங்கப் போகும் மகளிடம் அப்பா கார்சன் ட்ரூ ஒரு ரிவால்வரைக் கொடுத்து அனுப்புகிறார். புதியதில் துப்பாக்கி கிடையாது. துப்பாக்கி போனதில் எனக்கு வருத்தமில்லை. அதைக் கையில் கொடுக்கும் அளவுக்கு மகளை நம்பிய அந்த அப்பாவும் கொஞ்சம் மங்கிப்போனார் என்பதில் வருத்தம் உண்டு. வீட்டு வேலை பார்க்கும் ஹானா க்ரூவன் பழைய நூல்களில் சம்பளத்துக்கு இருப்பவள், வீட்டு நிர்வாகம் நான்சி கையில். புதியதில் ஹானா அவளை மூன்று வயது முதல் வளர்த்த தாய் மாதிரி. 'ஜாக்கிரதை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பாசம் கூடியது, சுதந்திரம் ஒரு பிடி குறைந்தது. புதிய நான்சி எல்லோரிடமும் பணிவாக, எதிலும் தப்பே செய்யாமல் இருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் பழையவள்மேல் வருகிற மாதிரி பிரியம் வர எனக்குச் சிரமமாக இருக்கிறது.

இந்த மாற்றத்தை வைத்து 'உண்மையான நான்சியை மில்ட்ரெட் படைத்தார், ஹாரியட் கெடுத்தார்' என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பேசத் தூண்டியது ஒரு வழக்கு. 1979-ல் ஹாரியட் புதிய நூல்களை சைமன் அண்ட் ஷஸ்டர் என்ற வேறொரு பதிப்பகத்துக்குக் கொண்டுபோனபோது கிராசெட் வழக்குப் போட்டது. கேரலின் கீன் நானேதான் என்று ஹாரியட் பல வருடம் வெளியில் சொல்லிவந்தார். 1980-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் மில்ட்ரெட் சாட்சி சொல்ல வந்தபோதுதான் ஆரம்ப நூல்களை எழுதியவர் யார் என்பது பொதுவில் பதிவானது. அதுவரை ஓஹாயோவின் டொலீடோ நகரத்தில் பத்திரிகையாளராக அவர் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2002-ல், 96 வயதில் இறக்கும் வரை பத்திரிகைக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. அவருடைய வாழ்க்கையைப் படித்தால் நான்சியின் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தோன்றாது. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்மணி அவர். என் மனமும் இயல்பாக அவர் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் நியாயமாகச் சொன்னால், பாத்திரத்தையும் கதைப் போக்கையும் முதலில் வகுத்தது ஸ்ட்ரேட்மேயரின் குறிப்பு. வாக்கியங்களும் மிடுக்கும் மில்ட்ரெட். தொடரை ஐம்பது வருடம் அழியவிடாமல் காத்தது ஹாரியட். அந்த நிறுவனத்தின் கடிதங்களும் கதைக் குறிப்புகளும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன; ஆராய்ச்சியாளர்கள் பார்க்கலாம். ஒரே ஆசிரியரை மட்டும் முன்னிறுத்தி மற்ற இருவரையும் மறப்பதை அந்தக் காகிதங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் 'எது அசல்' என்ற உங்கள் கேள்விக்கு, முதலில் அச்சானது 1930 வடிவம் என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் பால்யத்தில் இருந்தது திருத்திய வடிவம், அது உங்களுக்குப் பொய்யாகிவிடாது.

அடுத்து, இந்த வயதில் ரசிப்பது பற்றி. துப்பறியும் கதையாக மட்டும் பார்த்தால் இவை சுமார் ரகம் என்று ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். மழைக்கு ஒதுங்கிய இடம் வழக்குக்குச் சம்பந்தப்பட்ட வீடாகவே இருக்கும். கேட்டவர்கள் எல்லோரும் நான்சியிடம் மனதைத் திறப்பார்கள். வில்லனை இரண்டாவது அத்தியாயத்திலேயே அடையாளம் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவன் மரியாதை இல்லாமல் பேசுவான். இதில் புதிர் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெரியவர்களாகத் திரும்பப் படித்துவிட்டு 'அவ்வளவு ஒன்றும் இல்லையே' என்று புத்தகத்தை மூடியவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் தேடியது பெரும்பாலும் புதிரைத்தான்.

இருப்பது வேறு ஒன்று, அது பன்னிரண்டு வயதில் நமக்குப் பெயர் சொல்லத் தெரியாமலே பிடித்திருந்தது. அந்த அலமாரி அறைக் காட்சியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இருட்டு, பூட்டிய கதவு, யாரும் வரப்போவதில்லை. முதலில் கத்துகிறாள், கதவை மோதுகிறாள், பயம் தொண்டையை அடைக்கிறது. பிறகு, பதறினால் ஒன்றும் நடக்காது என்று தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு கையால் துழாவுகிறாள். துணி மாட்டும் கட்டை தட்டுப்படுகிறது. அதைப் பிடுங்கி நெம்புகோலாக்கிக் கதவை நெம்பப் பார்க்கிறாள். வெளியே வந்தது காவல்காரர் திறந்துவிட்டதால்தான் என்றாலும், நம் நினைவில் தங்கியது அந்தக் கட்டையைப் பிடித்த கைதான். ஒரு பெண் பயப்படுகிறாள், பயந்த பிறகும் யோசிக்கிறாள், கிடைத்ததை வைத்து ஏதாவது செய்கிறாள். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமயோர் தன் சிறுவயது வாசிப்பைப் பற்றிப் பேசும்போது நான்சி ட்ரூவைக் குறிப்பிடுகிறார். பிராங்க்ஸில் வளர்ந்த புவேர்ட்டோ ரிக்கக் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த வெள்ளை நகரத்துக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கிறது என்றால், வாடகைப் புத்தகத்தில் படித்த நமக்கும் இருந்ததில் ஆச்சரியம் என்ன?

இன்னொன்று பெரியவர்களாகப் படிக்கும்போதுதான் தெரியும். இந்தக் கதைகள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியவை. முதல் நூல் வந்தது 1929 பங்குச் சந்தை வீழ்ச்சிக்கு ஆறு மாதம் கழித்து. காணாமல் போன உயில், பறிபோன சொத்து, நல்ல நிலையிலிருந்து நொடிந்த குடும்பம், கோழி வளர்த்தும் தையல் தைத்தும் நாளை ஓட்டும் இரண்டு சகோதரிகள், யாருமற்ற வயதான பெண்கள். நான்சி தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இவர்களுக்குச் சேரவேண்டிய பங்கை. அதேசமயம் கதைக்குள் ஒரு வர்க்கப் பார்வை ஊறிக் கிடக்கிறது. உதவி கிடைப்பது 'நல்ல குடும்பத்து' ஏழைகளுக்கு. டாப்ஹாம்கள் கெட்டவர்களாவது பணக்காரர்கள் என்பதால் இல்லை, பணம் வந்தும் நயம் வராதவர்கள் என்பதால். நான்சியின் நீல ரோட்ஸ்டர் கார், அப்பாவின் வக்கீல் செல்வாக்கு, எந்த நேரமும் வெளியே போக அனுமதி, இவை இல்லாமல் ஒரு துப்பும் துலங்காது. இதையெல்லாம் கவனித்தபடியே அந்தக் காரில் அவளோடு ஏறி உட்காரவும் முடிகிறது. திரும்பப் படிப்பதில் எனக்குக் கிடைக்கும் நிறைவு இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

நூலகர்களின் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன், அது என் துறை. இந்த மாதிரித் தொடர்களை அமெரிக்க நூலகங்கள் பல பத்தாண்டுகள் வாங்கவே மறுத்தன. மலிவான கதைகள் பிள்ளைகளின் கற்பனையைக் கெடுத்துவிடும் என்று ஆண் சாரணர் அமைப்பின் தலைமை நூலகர் 1914-லேயே கடுமையாக எழுதினார். என் அனுபவத்தில் நடந்தது நேர்மாறு. ஒரு தொடரில் மாட்டிக்கொண்ட பிள்ளை அடுத்த புத்தகம் கேட்டு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பசி இருந்தால் வேறு அலமாரிக்கு அழைத்துப் போவது சுலபம்.

உங்கள் மகளுக்குப் பதினொரு வயது என்று எழுதியிருந்தீர்கள். அவளாகப் படிக்க திருத்திய பதிப்பே போதும். மொழி எளிது, வேகம் அதிகம். 1930 வடிவத்தை அவள் கையில் தனியாகக் கொடுக்க மாட்டேன். அதில் சிரிப்புக்கு ஆளாவது யார் என்பதை அருகில் இருந்து பேச ஒரு பெரியவர் வேண்டும். பதின்மூன்று, பதினான்கில் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜெஃப் டக்கர் வரும் அத்தியாயத்தை மட்டும் சேர்ந்து படியுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் 'ஏன் அவரையே எடுத்துட்டாங்க?' என்று தாங்களாகவே கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்காக என்றால் பழைய வடிவத்தைத் தயங்காமல் படியுங்கள். ஆப்பிள்வுட் புக்ஸ் 1991 முதல் அவற்றை அன்றிருந்தபடியே மறு அச்சிட்டது. உங்களிடம் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும். 1930-ல் வந்த முதல் நான்கு நூல்களின் அசல் வடிவம் 2026 தொடக்கத்தில் அமெரிக்காவில் காப்புரிமையிலிருந்து விடுபட்டுவிட்டது. திருத்திய வடிவங்களுக்கு இது பொருந்தாது. கூடவே மார்கரெட் சட்டன் எழுதிய ஜூடி போல்டன் வரிசையையும் தேடுங்கள். 1932-ல் தொடங்கி 38 நூல்கள், எல்லாம் உண்மையான ஒரே ஆசிரியர் எழுதியவை. முதல் நூலில் வரும் அணை உடைப்பு பென்சில்வேனியாவின் ஆஸ்டின் ஊரில் 1911-ல் நடந்த பேரழிவை அடியொற்றியது. நான்சி மாதிரி ஒரே வயதில் நிற்காமல் ஜூடி வளர்கிறாள், வேலைக்குப் போகிறாள், கல்யாணம் செய்துகொள்கிறாள், தப்பும் செய்கிறாள். நாற்பது வயதில் படிக்க, என்னைக் கேட்டால், நான்சியைவிட அவள் நல்ல துணை.

மகளுக்கு முதலில் எந்தத் தலைப்பு என்று தெரியாமல் நின்றால் 'பாஸ்வேர்டு டு லார்க்ஸ்பர் லேன்' கொடுங்கள். ஆரம்பத்திலேயே அடிபட்ட தூதுப்புறா ஒன்று நான்சியிடம் வந்து சேர்கிறது, அதனிடம் ஒரு ரகசியச் செய்தி. அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.